படகில் ஏறாமல் தீவு பார்ப்பது

மியூசியம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு முழங்கால் வலிக்கும். படித்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நின்று நின்று தேய்ந்த முட்டி அவர்களுடையதல்ல. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில், பாதி ஆயுளை நின்றபடியே கழித்தவள் நான். மெஷினிலிருந்து விழும் வாஷரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கம், கெட்டதை அந்தப் பக்கம் என்று போட வேண்டும். அப்படிப்பட்டவளை ஓய்வு என்று சொல்லி ஒரு தீவுக்கு அழைத்துப்போய், கண்ணாடிப் பெட்டிக்குக் கண்ணாடிப் பெட்டி நிறுத்திவைத்து, இதைப் பார், அதைப் பார் என்றால் எப்படி இருக்கும்?

எங்கள் கம்பெனியில் நீண்ட நாள் வேலை செய்தவர்களை வருஷத்துக்கு ஒரு முறை ஜோடியாக எங்காவது அனுப்புவார்கள். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று போய்க்கொண்டிருந்தது. என் முறை வந்தபோது அந்தமான் என்று அறிவித்தார்கள். சென்னையிலிருந்து விமானம், தங்க ஹோட்டல், எல்லாம் கம்பெனி பொறுப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போதே இது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும்.

காரணம் என் வீட்டுக்காரர். திருவள்ளூரிலிருந்து கடம்பத்தூர் போகும் வழியில் எங்கள் ஊர். ஊர் நடுவே சின்னதாக ஒரு பெருமாள் கோவில். விடிவதற்கு முன் கோவில் கிணற்றில் குளித்து, ஈர வேட்டியோடு நீர் இறைத்து, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சன்னிதிக்குள் கொண்டுபோவது அவருடைய வேலை. பெருமாளுக்குத் திருமஞ்சனமும் அந்த நீரில்தான், நைவேத்தியத்துக்குத் தளிகை பண்ணுவதும் அந்த நீரில்தான். தீர்த்தக் கைங்கர்யம் என்பார்கள். அவர் அப்பா செய்தது, அவருக்கு வந்தது. சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தீட்டு நாட்களைத் தவிர, மழை, ஜுரம், கல்யாணம் எதற்கும் அவர் அதை விட்டதில்லை. நான் விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடிக்கக் கிளம்பும்போது அவர் வீட்டில் இருந்ததே இல்லை. கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவேன்.

அந்தக் கோவிலில் பழைய கட்டுப்பாடு ஒன்று உண்டு. கடல் தாண்டிப் போனவன் கை பெருமாள் தீர்த்தத்தில் படக் கூடாது. வெளியே நின்று சேவிக்கலாம், பிரசாதம் வாங்கிக்கொள்ளலாம், குடத்தைத் தொட முடியாது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருந்தும் போய்ப் பார்க்காமலேயே காலத்தை ஓட்டிய தம்பதிகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மனுஷிக்கு அலுத்துப்போகுமா இல்லையா? கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியூரில் தங்கியது கிடையாது. திருப்பதி போனால்கூடப் போன கையோடு திரும்பிவிடுவோம். மறுநாள் தீர்த்தம் எடுக்க வேண்டுமே.

“ராமர் கடல் தாண்டலியா?” என்று கேட்டேன்.

“அவர் அணை கட்டிண்டு போனார். கப்பல்ல போகல” என்றார்.

இதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. நான் தனியாகப் போகிறேன், பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசரும் அவர் சம்சாரமும் வருகிறார்கள், அவர்களோடு ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டுகூடச் சொல்லவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் சத்து வேண்டும்.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், “பெரியவரைக் கேட்டேன்” என்றார். கோவில் காரியங்களில் இது ஆகும், இது ஆகாது என்று சொல்கிறவர் அந்தப் பெரியவர். அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை. அவர் நன்றாக யோசித்து ஒரு வழி சொல்லியிருந்தார். ஆகாய மார்க்கமாகப் போகிறவனுக்குக் கடலோடு சம்பந்தம் இல்லை, கால் தண்ணீரில் படுவதில்லை. ஆனால் அங்கே போன பிறகு கப்பல், படகு, தோணி எதிலும் காலை வைக்கக் கூடாது. வைத்தால் கைங்கர்யம் போய்விடும்.

“அப்போ வரேளா?”

“வரேன்” என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருகிற லட்சுமியைக் கேள்வி கேட்கக் கூடாது என்பார்கள்.

வீட்டுப் பூஜையில் இருந்த சாளக்கிராமத்தை அவர் சித்தப்பா பிள்ளை வீட்டில் எழுந்தருளப்பண்ணினோம். அந்தத் தம்பிதான், இவருக்குத் தீட்டு வரும் நாட்களில் தீர்த்தம் எடுக்கிறவர். ஒரு சின்ன ரைஸ் குக்கர், அரிசி, பருப்பு, அவல், புளிக்காய்ச்சல், கோவில் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேன் என்று மூட்டை கட்டினார். ஹோட்டல் சாப்பாடு அவருக்கு ஆகாது. ஏர்போர்ட்டில் தண்ணீர் கேனைக் கையில் கொண்டுபோகக் கூடாது என்று மறித்தார்கள். பெட்டிக்குள் வைத்து அனுப்பினோம். வழியில் அது ஒழுகி, என் புடவைகள் எல்லாம் பெருமாள் தீர்த்தத்தில் நனைந்துவிட்டன. அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் மட்டும் நனைந்த புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தீவு எங்களை மழையோடு வரவேற்றது. காற்றுக்கு ஹோட்டல் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பெரிய அலை எழும்புகிறது, தூரத்துத் தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் எல்லாம் நிறுத்தம் என்று எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் சொன்னார். தமிழ்க்காரர்தான். மரம் வெட்டும் வேலைக்கு அவர் தாத்தா அங்கே போனவராம். வெள்ளை மணல், பவளப்பாறை என்று நோட்டீஸில் அச்சடித்திருந்த எதையும் காட்ட முடியாத சங்கடம் அவர் முகத்தில் இருந்தது.

“ஊருக்குள்ளயே நிறைய மியூசியம் இருக்கு சார். அதெல்லாம் நிதானமா பாக்கலாம்” என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கப்பல் இல்லை என்றால் கால் வைக்கிற ஆபத்தும் இல்லை. எங்கள் கூட்டத்திலேயே மழைக்காக மகிழ்ந்த ஒரே ஆள் அவர்தான்.

பேக்கிங் சூப்பர்வைசர் கவரைப்பேட்டைக்காரர். வாய் சும்மா இருக்காது, மனசு தங்கம். “இன்னா மேடம், மெட்ராஸ்ல இல்லாத மியூசியமா? செத்த காலேஜ்னு நாங்க சின்ன வயசுல சொல்லுவோம். அதப் பாக்கவா இம்மாந்தூரம் வந்துக்கினோம்?” என்று அலுத்துக்கொண்டார்.

முதலில் தீவின் ஆதிகுடிகளைப் பற்றிய மியூசியம். வில், அம்பு, தேன் எடுக்கும் மரக்கூடை, சிப்பி கோத்த மாலை. சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள். படத்தில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. யாரோ வந்து நிற்கச் சொன்னார்கள், நின்றார்கள் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. வெளியார் வந்து நோயைக் கொண்டுவந்ததையும், கூட்டங்கூட்டமாக அவர்கள் குறைந்துபோனதையும் வழிகாட்டி சொல்லச் சொல்ல, எனக்கு அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. உட்கார இடம் தேடினேன். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

நடு அறையில் ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணி ஒன்று வைத்திருந்தார்கள். கூட்டம் அதைச் சுற்றி நின்றது. என் வீட்டுக்காரர் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்தபடி நகர்ந்தார்.

“சாமி, அது கண்ணாடிக்குள்ள கீது. நீங்க ஏறினாலும் போவாது” என்றார் சூப்பர்வைசர்.

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் லேசாகச் சிரித்தார். ஆனாலும் கிட்டே போகவில்லை. மடி ஆசாரம் என்றால் எங்கள் மனிதர்களுக்கு அப்படித்தான். சித்திரத்துப் புலிக்கும் ஒதுங்கிப் போவார்கள்.

அடுத்தது கடலைப் பற்றிய மியூசியம். வாசலில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. உள்ளே பவளம், நட்சத்திர மீன், அலமாரி அலமாரியாகச் சங்குகள். சங்கைப் பார்த்ததும் இவர் செருப்பைக் கழற்றிவிட்டார். காவலாளி வந்து இந்தியில் ஏதோ சொல்ல, வழிகாட்டி ஓடிவந்து சமாதானம் செய்ய, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே மியூசியம் முழுதும் சுற்றினார் இவர். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் முட்டி வலி.

“கடலோட ஒட்டு உறவே ஆகாதுன்னா, சங்கு மட்டும் எப்படிக் கருவறைக்குள்ள வரது?” என்று மெதுவாகக் குத்தினேன்.

“சங்கு கடலைத் தாண்டலியே. அது கரைக்கு வந்தது. அவ்வளவுதான்” என்றார்.

பதில் எப்போதும் தயாராக வைத்திருப்பார். இந்த மனிதரை ஜெயிக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

பிறகு சிறைக்குப் போனோம். அது இப்போது மியூசியம். நீள நீளமான தாழ்வாரங்கள், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். கைதிகளை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டி எண்ணெய் ஆட்டவைத்ததைப் பொம்மையாகச் செய்து வைத்திருந்தார்கள். கால் சங்கிலி, கழுத்து வளையம், சாக்குச் சட்டை. மழைச் சத்தத்தில் வழிகாட்டியின் குரல் பாதிதான் காதில் விழுந்தது. இந்த இடத்தில் நின்றுகொண்டு முட்டி வலி என்று சொல்ல வாய் வரவில்லை. வலி என்னவோ குறையவில்லை.

கறுப்புத் தண்ணீர் என்று பேர் வைத்திருந்த இந்தக் கடலைத் தாண்டி வந்தவனுக்கு ஜாதி போய்விட்டது என்று ஊரில் வைத்த காலம் அது என்று வழிகாட்டி சொன்னார். தண்டனை முடிந்து விடுதலை ஆனவர்களையும் சொந்த ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள். அவர் மனைவியே அப்படிப்பட்ட ஒரு குடும்பத்துப் பெண்தானாம்.

என் வீட்டுக்காரர், “திரும்பிப் போனவா ஒருத்தர்கூட இல்லியா?” என்று கேட்டார்.

“போனவங்க இருக்காங்க சார். போய்ட்டு, வாசல்ல நின்னு பாத்துட்டு, மறுபடி இங்கயே வந்தவங்களும் இருக்காங்க.”

இவர் தலையை ஆட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் ரைஸ் குக்கரில் சோறு பொங்கியும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, புளிக்காய்ச்சலில் உப்புக் கம்மி என்றார். அதைக் காய்ச்சியது நான். உப்புச் சரியாகத்தான் இருந்தது.

கடைசி நாள் மழை விட்டது. காற்றும் கொஞ்சம் அடங்கியது. துறைமுகத்துக்கு எதிரிலேயே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் ஒரு குட்டித் தீவு தெரியும். வெள்ளைக்காரர்கள் அங்கே இருந்துகொண்டுதான் மற்ற தீவுகளையெல்லாம் ஆண்டார்களாம். இப்போது இடிந்த கட்டடங்களும், அவற்றைக் கவ்விக்கொண்டிருக்கும் மரவேர்களும், ஒரு சின்ன மியூசியமும்தான் மிச்சம். சின்னப் படகுகளை மட்டும் விடுகிறார்கள், போய்விட்டு வந்துவிடலாம் என்றார் வழிகாட்டி.

எனக்கு அந்த மியூசியம் வேண்டாம். உலகத்தில் இருக்கிற எந்த மியூசியமும் வேண்டாம். ஆனால் இவ்வளவு தூரம் வந்து ஒரு தடவையாவது அலைமேல் போகாமல் ஊர் திரும்ப மனசு கேட்கவில்லை. இவரைப் படித்துறைமேல் இருந்த ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்து, பையையும் குடையையும் கொடுத்தேன்.

“நீங்க இங்கயே இருங்கோ. நான் போயிட்டு வந்துடறேன்.”

“பாத்துப் போ” என்றார்.

படிகளில் பாசி. படகு ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஏறியாகிவிட்டது. சூப்பர்வைசர் உள்ளிருந்து கையை நீட்டினார். நான் ஒரு காலைப் படகில் வைத்தேன். இன்னொரு கால் படியில். அந்த நேரம் பார்த்துப் படகு விலகியது. முட்டி மடங்கிவிட்டது. கீழே பச்சையாகத் தண்ணீர் தெரிந்தது. சூப்பர்வைசர் கை எட்டவில்லை. அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் என் அக்குளுக்கடியில் வந்து பிடித்துத் தூக்கி, அப்படியே என்னோடு படகுக்குள் இறங்கின. நான் பலகைமேல் விழுந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார். கரை நகர்ந்துகொண்டிருந்தது. பெஞ்சின்மேல் எங்கள் பையும் குடையும் அநாதையாகக் கிடந்தன.

“ஐயோ, தெரியாம ஏறிட்டேளே” என்றேன்.

“உக்காரு மொதல்ல. முட்டி எப்படி இருக்கு?” என்றார்.

படகைத் திருப்புங்கள் என்று சூப்பர்வைசர் படகுக்காரரிடம் கேட்டார். இவர்தான் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஏறியது ஏறியதுதான், பாதியில் இறங்கினால் மட்டும் ஏறாததாகிவிடுமா என்று நினைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். பதற்றத்தில் புத்தி மழுங்கி ஏறிவிட்டார், பாவம், இந்த மனுஷனை இங்கே இழுத்துவந்ததே நான்தானே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அந்தக் குட்டித் தீவின் மியூசியத்தில் அதிகம் ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரத் துரைகள் துரைசானிகளின் புகைப்படங்கள், பீங்கான் உடைசல், துருப்பிடித்த சாமான்கள், பழைய வரைபடம். நான் வாசலில் ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். இவர் உள்ளே போய் ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். அந்தப் பயணம் முழுவதிலும் ஒரு மியூசியத்தை அவர் நிதானமாகப் பார்த்தது அங்கேதான். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மான் ஒன்று வந்து எங்களை முறைத்துவிட்டுப் போயிற்று. உள்ளே பயம் இருந்தது. ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வேலை, பஸ், கோவில் என்று எதுவும் எங்களைக் கூப்பிடாமல் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

ஊர் திரும்ப ஏர்போர்ட்டில் காத்திருந்தபோது சூப்பர்வைசர் என்னிடம் குசுகுசுவென்று பேசினார். “மேடம், நீங்க கவலைப்படாதீங்கோ. எங்க யாரு வாய்லேர்ந்தும் ஒரு வார்த்த வராது. படகுல எடுத்த போட்டோல சாமிய கட் பண்ட்டேன். ஒண்ணே ஒண்ணுல கை மட்டும் கீது, அதயும் தூக்கிட்டேன். பேஜாரே இல்ல.”

எனக்குப் பாரம் இறங்கிற்று. யாருக்கும் தெரியாது. விமானத்தில் போனோம், மியூசியம் பார்த்தோம், விமானத்தில் வந்தோம். அவ்வளவுதான் கதை.

மறுநாள் விடியுமுன் அவர் கிளம்பிக் கோவிலுக்குப் போனார். நான் பஸ்ஸுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டிருந்தார். வேட்டி காய்ந்திருந்தது. கிணற்றடிக்கே போகவில்லை என்று தெரிந்தது.

“என்னாச்சு?”

“இனிமே தம்பி எடுப்பான்” என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்.

பஸ்ஸில் ஏறியதும் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். புதுவாயல் தாண்டும்வரை திட்டியிருப்பேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்கம்மா மேல சத்தியமா நான் சொல்லல மேடம். என் பொஞ்சாதிய வேணா கேளுங்கோ” என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. அன்றைக்கு எத்தனை கெட்ட வாஷரை நல்லது பக்கம் போட்டேனோ, எனக்கே தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் தம்பி நின்றிருந்தார். இவர் கொல்லையில் இருந்தார். தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“மன்னி, நீங்கதான் அண்ணாவுக்கு எடுத்துச் சொல்லணும். எனக்கு இந்தக் கைங்கர்யம் முழுசா வரணும்னு நான் ஆசைப்படல, பெருமாள் சாட்சி.”

“யார் சொன்னா பெரியவர்கிட்ட?”

“அண்ணாதான். குடத்தைத் தொடறதுக்கு முன்னாடி நேரா அவர்கிட்ட போய், படகுல ஏறினேன்னு சொல்லிட்டார்.”

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“அதுக்கும் பெரியவர் வழி சொன்னார் மன்னி. அறியாம பண்ணின தப்புக்குப் பிராயச்சித்தம் இருக்கு. பூணூல் மாத்திண்டு, பஞ்சகவ்யம் சாப்ட்டுட்டு, பெருமாள் முன்னாடி நின்னு, அறியாம ஏறினேன்னு சங்கல்பத்துல ஒரு வார்த்தை சொன்னாப் போறும். நாளைக்கே பழையபடி தீர்த்தம் எடுக்கலாம். தெரிஞ்சு பண்ணினா அதுக்குப் பிராயச்சித்தம் கிடையாது.”

“சொல்ல வேண்டியதுதானே. தெரியாமத்தானே ஏறினார்?”

தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அண்ணா அப்படிச் சொல்லல. பெஞ்சுலேர்ந்து எழுந்திருக்கறச்சேயே தெரியும்னார். படகுன்னும் தெரியும், கைங்கர்யம் போயிடும்னும் தெரியும், தெரிஞ்சுதான் ஏறினேன், பெருமாள் முன்னாடி போய் அறியாம ஏறினேன்னு எப்படிச் சொல்வேன்னு கேக்கறார். பெரியவராலயே அதுக்குமேல ஒண்ணும் சொல்ல முடியல.”

தம்பி போன பிறகும் நான் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. இவ்வளவு வருஷமாக என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. இந்த மனிதருக்கு முதலில் பெருமாள், பிறகு கோவில், பிறகு ஊர், மிச்சம் மீதி இருந்தால் நான். அதற்குப் பழகி, அலுத்து, அலுப்பும் பழகிப்போயிருந்தேன்.

கொல்லைப்பக்கம் போனேன். துவைத்த வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு வார்த்தைதானே” என்றேன். “சொன்னா என்ன?”

வேட்டியின் நுனியை இழுத்துச் சரிசெய்தபடியே, “நீ சொல்லு. நீ சொல்லச் சொன்னா, நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்” என்றார்.

முகத்தை ஏறிட்டுப் பார்த்தேன். விளையாட்டில்லை. பெருமாளிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று பெரியவரிடம் நின்ற மனிதர், நான் கேட்டால் அதையும் சொல்லிவிடுவார். அவர் கண் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லுங்கோ என்று ஒரு சொல் போதும்.

“வேண்டாம்” என்றேன்.

அந்த நேரத்தில் நான் நினைத்தது தர்மத்தை அல்ல. தெரிந்துதான் ஏறினேன் என்று அவர் சொன்னது எனக்கு வேண்டியிருந்தது. அதைத் திரும்பக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

“சரி” என்று சொல்லிவிட்டு அவர் கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்றுதான் அவர் என் வாயைப் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதும் அவர் அதே வேளைக்கு எழுந்து, கொல்லையில் குளித்து, ஈர வேட்டியோடு கூடத்துக்கு வருகிறார். வந்து, எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார். நான் தலை வாரிக்கொண்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டும்வரை அப்படியே நிற்கிறார். சொல்லுங்கோ என்ற அந்த ஒரு சொல்லை இன்றைக்கு நான் சொன்னாலும் அவர் கோவிலுக்குப் போய்விடுவார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் கிளம்புகிறேன்.